மூன்று பேரைக் கேட்டுவிட்டு ஏறும் அத்தை

அத்தைக்கு எழுத்துத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கேட்பவர்கள், "பாவம், படிக்காதவங்க போல" என்று முடித்துவிடுகிறார்கள். படிக்காதவர்கள் என் அப்பாவும் அம்மாவும்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அத்தை மட்டும் வந்ததில்லை. அவரே எழுதிக்கொள்வார்.

உறவில் அத்தை இல்லை. அம்மா அவரை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. மூன்று வீடு தள்ளி இருந்தார். பைகுல்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. இருபது வருடமாக சயானில் ஏறி பைகுல்லாவில் இறங்கியவர். அந்த இருபது வருடத்தில் ஒருநாள்கூட மூன்று பேரிடம் கேட்காமல் அவர் வண்டியில் ஏறியதில்லை.

நடைமேடைக்கு வந்ததும் தலையைத் தூக்கி இண்டிகேட்டரைப் பார்ப்பார். வண்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்கு, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோவா, சிலவற்றில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட்டா, எல்லாம் அதில் இருக்கும். உதடு அசையப் படிப்பார். படித்து முடித்ததும் பக்கத்தில் நிற்கும் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "பைகுல்லா ஜாயேகா க்யா?" என்பார். அவள் ஜாயேகா, போகும் என்பாள். நாலடி நடந்து இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. மூன்றாவது ஆள் தலையாட்டிய பிறகுதான் முந்தானையை இடுப்பில் செருகுவார். ஏறத் தயார் என்று அர்த்தம்.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அம்மா என்னை அவரோடுதான் அனுப்பினாள். அந்த ஆறேழு மாதம் எனக்கு எப்படி இருந்தது என்றால், தினமும் காலையில் யாரோ என் காதைப் பிடித்து நடைமேடை முழுக்க இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. கல்லூரித் தோழிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் நிற்பேன்.

"போர்டுல போட்ருக்குல்லா அத்த!"

"போட்ருக்கு. பாத்தேன்."

"பொறவு என்னத்துக்குக் கேக்கீங்க?"

"கேட்டா என்னட்டி? வாயில இருக்க முத்து உதுந்திருமா?"

ஒருநாள் முதலாமவள் கடைசி ஸ்டேஷன் வரை போகும் சி.எஸ்.டி. வண்டி என்றாள், இரண்டாமவள் பைகுல்லாவுக்கு முன்னாலேயே தாதரோடு நின்றுவிடும் என்றாள். மூன்றாமவளைக் கேட்டால் அவளுக்கும் சந்தேகம். நாலாவதாக ஒருத்தி பஞ்சாயத்துக்கு வந்தாள். நான் இண்டிகேட்டரைக் கையால் காட்டி, சி.எஸ்.டி. என்று எழுதியிருக்கிறதே என்று கத்தினேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. வண்டி வந்தது. நாலு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வண்டி போய்விட்டது. போன வண்டியின் முதுகைப் பார்த்து அத்தை, "சி.எஸ்.டி. வண்டிதாம்ட்டி, நீ சொன்னது சரிதான்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. எனக்கு அன்றைக்கு உள்தேர்வு. கால் மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன்.

சத்தம் அதிகமாக இருந்தால் கையால் கேட்பார். கிளம்பப் போகிற வண்டியின் வாசலில் தொங்கும் பெண்ணைப் பார்த்து உள்ளங்கையைக் காற்றில் விசிறினால் 'ஃபாஸ்ட்டா?' என்று கேள்வி. விரல்களால் காற்றைத் தட்டித் தட்டிக் காட்டினால் 'எல்லா ஸ்டேஷனிலும் நிற்குமா?' என்று கேள்வி. யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. வாசலில் தொங்குபவளும் அதே மாதிரி கையாலேயே பதில் சொல்லுவாள்.

ஏன் கேட்கிறார் என்பதற்கு அந்த வயதில் நான் வரிசையாகக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சுத்துணைக்கு என்று கொஞ்ச நாள் நினைத்தேன். ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அத்தை வாய் திறக்க மாட்டார். பெண்கள் ஏறும் லேடீஸ் டப்பாவில் ஒருத்தி கீரை ஆய்வாள், நாலு பேர் பஜனை பாடுவார்கள், மருமகளைத் திட்டுகிறவள் சத்தமாகத் திட்டுவாள். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். நான் பேசினால், "சும்மா வாட்டி" என்பார். பேச்சுத்துணை வேண்டியவர் இப்படியா இருப்பார்?

எப்போதோ தப்பான வண்டியில் ஏறிப் பயந்திருப்பார் என்று அடுத்து நினைத்தேன். பம்பாய்க்கு வந்த புதிதில் ஒருத்தி சயானில் இறங்க வேண்டியவள் ஃபாஸ்ட்டில் ஏறி, தானே ஸ்டேஷன் வரை போய், பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த கதை எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அது அத்தைதான் என்று நினைத்துக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது நான் இல்ல. உங்கம்ம. நீ அப்ப அவ வயித்துல."

அம்மாவிடம் கேட்டேன். அம்மா மாவுக் கையை உதறிக்கொண்டு, "அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டாள். அதோடு அந்தக் காரணமும் போயிற்று. தப்பாக ஏறியவள் என் அம்மா; அவள் இன்றுவரை யாரிடமும் வாய் திறந்து வழி கேட்க மாட்டாள். தப்பாகவே ஏறாதவர் மூன்று பேரைக் கேட்கிறார்.

கல்லூரியில் நான் வரைகலை படித்தேன். படித்து முடித்ததும் ஒரு சின்ன வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ரயில் நிலையங்களுக்கான வழிகாட்டிப் பலகைகள் செய்கிற இடம். எந்தப் படியில் இறங்குவது, எந்தப் பக்கம் நடப்பது, அடுத்த வண்டி எது என்று பயணிக்குச் சொல்லும் பலகைகள். முதல் நாளே என் மேலதிகாரி, மராத்திக்கார மேடம், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நல்ல பலகை என்றால் அதைப் பார்த்தவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் போக வேண்டும்." அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன். போடும்போதே அத்தையின் முகம் வந்தது. இத்தனை நாள் நான் சொன்னதைத்தானே மேடமும் சொல்கிறார் என்று பெருமையாக இருந்தது.

ஆறு மாதம் தற்காலிக வேலை. அதற்குள் ஒரு பலகையை நானே செய்து, அது வேலை செய்கிறது என்று காட்டினால் நிரந்தரம். மெயின் லைனில் ஒரு பெரிய நிலையம். பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே நடைபாலத்தின் நடுவில் சோதனைக்காக என் பலகையை மாட்டினோம். வண்டி கடைசியாகப் போய் நிற்கும் ஊரின் பெயர் பெரிய எழுத்தில். ஸ்லோவுக்குப் பச்சைப் பட்டை, ஃபாஸ்ட்டுக்குச் சிவப்புப் பட்டை. எந்தப் படியில் இறங்க வேண்டும் என்று அம்புக்குறி. அந்த அம்பின் மூக்கை எவ்வளவு கூராக்குவது என்று மட்டும் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். மாட்டிய அன்று அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "பச்சை நல்லாருக்கு" என்றார்.

சோதனைக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஓர் இடத்தைச் சொல்வோம். அவர் பலகையைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல், சரியான நடைமேடைக்கு இறங்க வேண்டும். பதினொரு பேர் சரியாக இறங்கினார்கள். பன்னிரண்டாவதாக, ஐம்பது வயது தாண்டிய, ரயிலில் பழகிய ஒரு பெண் வேண்டும் என்றார் மேடம். எனக்கு வேறு யாரைத் தெரியும்?

அத்தை உடனே ஒத்துக்கொண்டார். பயந்தது நான்தான். அந்தப் பாலத்தில் ஏறி நின்றதும் அவர் மூன்று பேரைக் கேட்பார் என்று சந்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

"அத்த, வாயே தெறக்கக்கூடாது. ஒரு வார்த்த பேசக்கூடாது."

"சரிட்டி."

"கையவும் ஆட்டக்கூடாது."

"கைய என்ன செய்யச் சொல்லுத, வெட்டி உன்ட்ட குடுத்துட்டுப் போகட்டுமா?"

"வெளையாடாதீங்க அத்த. இதுல தப்பாச்சுன்னா என் வேல போயிரும்."

அப்படிப் போய்விடாது. ஒருவர் தவறினால் மறுபடி சோதனை வைப்பார்கள், என் நிரந்தரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொன்னேன். சொன்னதோடு விடாமல் தலையைக் குனிந்து காட்டி, "என் தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றேன். அத்தையின் சிரிப்பு நின்றது. தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் தவறினால் வைத்தவருக்கு ஒன்றும் ஆகாது, தலைக்கு உரியவளுக்குத்தான் ஆகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. படித்த எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவருக்கு உண்டு என்று தெரிந்துதான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வைத்தார். அவர் கை கனமாக இருந்தது.

மறுநாள் மதியம். பாலத்தின் ஓரத்தில் நானும் மேடமும் படிவத்தோடு நின்றோம். அத்தைக்குச் சொன்ன இடம் சயான். வந்தார், அண்ணாந்து பார்த்தார், உதடு அசையவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். பத்து விநாடிகூட இருக்காது, ஸ்லோ நடைமேடைக்கு இறங்கும் பச்சைப் படியைப் பார்த்து ஓரடி வைத்தார். மேடம் என் தோளைத் தட்டினார்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சின்ன வயது. இடுப்பில் குழந்தை, குழந்தையின் கையில் மாவுக்கட்டு. அவளும் என் பலகையை அண்ணாந்து பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு அத்தையிடம் இந்தியில் கேட்டாள். பிற்பாடு அத்தை சொல்லித்தான் தெரியும், அவள் கேட்டது, "சயான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், எந்தப் பக்கம்?"

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் இல்லை. அவள் மறுபடி கேட்டாள். அத்தை பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கினார். மேடம், "பாவம், அவங்க கொஞ்சம் குழம்பிட்டாங்களோ?" என்றார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேகமாகப் போன ஒருவரிடம் கேட்டாள். அவர் நடந்துகொண்டே சிவப்புப் படியைக் காட்டினார். அவள் இறங்கினாள். கீழே ஃபாஸ்ட் வண்டி நின்றுகொண்டிருந்தது.

அத்தை பச்சைப் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் திரும்பிச் சிவப்புப் படியில் ஓடினார். ஐம்பது தாண்டியவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவர் லேடீஸ் டப்பாவில் கால் வைத்ததும் வண்டி நகர்ந்தது.

"தவறான நடைமேடை" என்று மேடம் மெல்லச் சொன்னார்.

நான் போன் செய்தேன். எடுத்தார். தண்டவாளச் சத்தமும் மூச்சும் கேட்டன. "அத்த, எங்க போறீங்க? அத்த?" மூச்சு மட்டும்தான். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து வைத்துவிட்டேன். அந்த வண்டி மாட்டுங்காவிலும் நிற்காது, சயானிலும் நிற்காது, அடுத்து குர்லாதான். சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தேன். எடுத்தார். இந்த முறை கூச்சல். ஒரு பெண், "சோடோ! மேரா ஹாத் சோடோ!" என்று, கையை விடச் சொல்லி அலறுகிறாள். குழந்தை அழுகிறது. யாரோ ஒருத்தன், "ஏ, பச்சா சோர் ஹை க்யா?" என்கிறான். பிள்ளை பிடிக்கிறவளா என்று கேட்கிறான். இன்னும் பல குரல்கள் நெருங்கி வருகின்றன. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குர்லாவில் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. என் தலை.

"அத்த, பேசுங்க! சத்தியத்த நானே எடுத்துட்டேன்! எனக்கு ஒண்ணும் ஆவாது, பேசுங்க!"

பிறகு அவர் குரல் வந்தது, சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"நெசமாவா?"

"நெசமா அத்த! பேசுங்க!"

அவ்வளவுதான். "அரே பாயி, இஸ்கோ சயான் ஜானா ஹை, சயான்! யே காடி சயான் மே நை ருக்தா! பச்சே கா ஹாத் தேக்கோ, ஆஸ்பத்திரி ஜானா ஹை!" என்று, இவள் சயான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், இந்த வண்டி அங்கே நிற்காது என்று, அவர் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. கூச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. "அச்சா, சயான்?" என்று அந்தப் பெண் கேட்பது கேட்டது. "திரும்ப ஸ்லோ புடிச்சு ஒரு ஸ்டேஷன் போவணும். கூட்டிட்டுப் போயிட்டு வாரேன், வையிட்டி" என்று அத்தை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "வேல போச்சா?"

"இல்ல அத்த."

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "அவ ரெண்டு மட்டம் கேட்டாட்டி. ஊமன்னு நெனச்சாளோ, திமிருன்னு நெனச்சாளோ. கைப்பிள்ளக்காரி. ஒருத்தி வழி கேட்டு நான் வாய மூடிக்கிட்டு நின்னது அதாம் மொத மட்டம்."

"அவ போர்டப் பாத்துப் போயிருக்கலாம்லா..."

"பாத்தா. வண்டி கடேசியாப் போற கல்யாண்னு இருக்கு, கசாரான்னு இருக்கு. அவளுக்குத் தெரிஞ்சது சயான்ங்கிற ஒத்தப் பேரு. அது உன் போர்டுல எங்கன இருக்கு?"

"எல்லா ஸ்டேஷன் பேரும் எழுதுனா எழுத்து சிறுசாயிரும். தூரத்துல இருந்து தெரியாது."

"அப்ப ஆளக் கேக்கணும்."

"ஆளக் கேக்காம போறதுக்குத்தான் அத்த போர்டு."

"அப்ப சயான எழுது."

"எழுதுனா சிறுசாயிரும்."

"அப்ப ஆளக் கேக்கணும்."

இப்படியே இருவரும் சுற்றிச் சுற்றி வந்தோம். தூரத்தில் கோபர்கைரனே என்ற இடத்தில் மகள் வீட்டோடு போய்விட்ட அத்தையிடம் போனில் பேசும்போது எப்போதாவது இதே சண்டை வரும். இதே இடத்தில்தான் நிற்கும். ஏன் மூன்று பேரைக் கேட்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டபோது, "ரெண்டு பேரக் கேட்டா பத்தாதுல்லா" என்றார்.

சோதனைக்கு மறுநாள் மேடம் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "அவங்க முதல் அடி பச்சைப் படிக்குத்தான் வெச்சாங்க. நானே பார்த்தேன். சரின்னே போடு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு." அது பொய்யும் இல்லை. அத்தை என் பலகையைச் சரியாகத்தான் படித்தார். அப்படிப் போட்டால் அந்த வாரமே நான் நிரந்தரம். அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதில் தயார் செய்துவிட்டேன்.

பன்னிரண்டாவது வரிசையில் 'சரி' என்று போட்டேன். அதன் கீழே ஒரு கோடு இழுத்து, பதின்மூன்றாவது வரிசை ஒன்றைத் தொடங்கினேன்.

"யார் இது? நம்ம ஆள் இல்லையே" என்றார் மேடம்.

"நம்ம பலகைக்குக் கீழேதான் மேடம் நின்னாங்க."

அப்படி எழுதினால் எனக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனது. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று.

பெயர்: தெரியாது. வயது: இருபதுக்கு மேல் இருக்கலாம். போக வேண்டிய இடம்: சயான். பலகையைப் பார்த்தாரா: பார்த்தார். சரியான நடைமேடைக்குப் போனாரா: இல்லை. யாரிடமாவது கேட்டாரா: கேட்டார், இரண்டு முறை, பன்னிரண்டாவது வரிசைப் பெண்ணிடம். அவரிடம் பதில் கிடைத்ததா: கிடைக்கவில்லை.

காரணம் என்று ஒரு கட்டம் கடைசியில் இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன்.